பழைய காரில் பெட்ரோலும் மின்சாரமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இவ்விழாவில் பேசும்படி செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தபோது எனக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாயின. சென்ற ஆண்டு இதே மேடையில் பேராசிரியர் ஒருவர் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் நீங்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானவன். கோப்பும் பேரேடும் அன்றி வேறொன்றும் அறியேனே என்று தயங்கினேன். “உமது காரின் கதையைச் சொல்லுமே; நம் உறுப்பினர்களில் பலர் பழைய கார் வைத்திருப்பவர்கள்தாமே” என்றார் அவர். ஆதலின், என் வண்டி எனக்குக் கற்பித்த பாடத்தையும், அதனிடையே நான் செய்த ஒரு பிழையையும் உங்கள்முன் வைக்கத் துணிந்தேன்.

என்னிடம் இருப்பது 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு கார். இரண்டாம் கையாக வாங்கியது. எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே தேவையில்லை. அக்காலத்து வண்டிகள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

முற்காலத்துப் பியட் வண்டியில் பெட்ரோல் பம்பை இயக்கியது எஞ்சினின் சுழற்சியே. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது கார்பரேட்டரின் வேலை. 2000-ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகவே, கார்பரேட்டர் படிப்படியாக மறைந்து இஞ்செக்டர் வந்தது. பம்பும் பெட்ரோல் டாங்கினுள்ளே குடிபுகுந்து, மின்சாரத்தால் ஓடலாயிற்று. ஆகவே, இத்தகைய வண்டியில் பெட்ரோல் வரவில்லை என்றால், குறை பெட்ரோலில் இருக்கலாம், மின்சாரத்திலும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவதே நோயை அறியும் முதற்படி.

மின்சாரம் செல்லும் வழியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பேட்டரியிலிருந்து புறப்பட்டுப் பியூஸ் வழியாக ரிலேக்கு வருகிறது. ரிலே என்பது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு கதவு. அக்கதவுக்கு ஆணையிடுவது எஞ்சினின் கணினிப் பெட்டி. சாவியைத் திருப்பியவுடன் அது பம்பை ஏறத்தாழ இரண்டு விநாடி ஓடவிட்டு நிறுத்தும். எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தி கிடைத்தால்தான் மீண்டும் ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்றபின்னும் பம்பு பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்கலாகாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ரிலேயைக் கடந்த மின்சாரம் பம்பை அடைந்து, அதனைச் சுழற்றிவிட்டு, எர்த்துக் கம்பி வழியே வண்டியின் உடலுக்குள் சென்று பேட்டரிக்குத் திரும்புகிறது.

திரும்புகிறது என்ற சொல்லை மனத்தில் இருத்துங்கள். நம் நாகபுரி வழியாகச் செல்லும் மின்சார எஞ்சின் மேலே உள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட்டு மின்சாரத்தை எடுக்கிறது என்பதை எல்லோரும் அறிவர். அது தண்டவாளத்தின் வழியே திரும்பியாக வேண்டும் என்பதை நினைப்பவர் சிலரே. தண்டவாள இணைப்புகளைச் செம்மையாகப் பிணைத்து வைப்பது அதற்காகத்தான். காருக்கு அதன் இரும்பு உடலே தண்டவாளம்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாதத்தில் என் தாயார் ஊரிலிருந்து வந்தார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்களின் கையில், அவர்களே ஊறவைத்த மாவடு ஒரு பெரிய ஜாடி நிறைய இருந்தது. நிலையத்திலிருந்து வீடு வரும் வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தது, ஜாடி கவிழ்ந்தது. பாதி மாவடு தப்பிற்று. உப்புநீர் முழுதும் வண்டியின் டிக்கியில் ஓடிற்று. மேலே துடைத்தேன்; மறந்தேன்.

மழைக்காலம் வந்தது. சில நாட்களில் வண்டி முதல் திருப்பில் கிளம்ப மறுத்தது. இரண்டு மூன்று முறை முயன்றால் கிளம்பும். கிளம்பிவிட்டால் நன்றாகவே ஓடும். எங்கள் குடியிருப்புக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் காட்டினேன். அவர் பின்னிருக்கையைத் தூக்கி, பம்பின் இணைப்பைக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்தார். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டிற்று. “மின்சாரம் வருகிறது. ஆகவே பம்புதான் பழுது” என்றார். புதுப்பம்பு போட்டு, கூலியும் சேர்த்து 5,200 ரூபாய் வாங்கினார். வண்டி கிளம்பிற்று. நானும் மகிழ்ந்தேன்.

பத்தாம் நாள் இரவு பதினொரு மணிக்கு என் தாயாருக்கு மூச்சுத்திணறல் கண்டது. விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் எழவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றேன். பேட்டரியும் சோர்ந்தது. என் மனைவி பக்கத்து வீட்டாரை எழுப்பினாள். அவர் தம் ஆட்டோவில் தாயாரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார். இறையருளால் தாயார் பிழைத்தார்கள். ஆனால் அந்த ஆட்டோவில், அவர்களின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவியலாது.

மறுநாட் காலை நேரே பட்டறைக்குச் சென்றேன். போலிப் பம்பைப் போட்டு என்னை ஏமாற்றிவிட்டாய் என்று நான்கு வாடிக்கையாளர் நடுவே அந்த இளைஞரைச் சொல்லத் தகாத சொற்களால் ஏசினேன். அவர் ஒரு வார்த்தையும் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டாயிரம் ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். வெற்றி பெற்றவன்போல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. அது என்னைப் பற்றிச் சொல்லப்பட்டது என்பதை நான் அறிய ஒரு வாரம் ஆயிற்று.

சிக்னல் பிரிவில் பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் இதனைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “மீட்டரை வைத்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்ததா, கழற்றப்பட்டிருந்ததா?” கழற்றப்பட்டிருந்தது என்றேன். “அப்படியானால் அந்த 12 வோல்ட்டு எதையும் நிறுவவில்லை” என்றார். நான் விழித்தேன். அவர் விளக்கினார்: “மூடிய குழாயில் நீரின் அழுத்தம் முழுமையாகவே இருக்கும். குழாயைத் திறந்தபின்தான் உள்ளிருக்கும் அடைப்புத் தெரியும். மீட்டர் எடுக்கும் மின்சாரம் இல்லையென்றே சொல்லத்தக்க அளவு சிறியது. அது துருவின் வழியாகவும் எளிதில் சென்றுவிடும். பம்புக்கோ நான்கைந்து ஆம்பியர் வேண்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அளந்தோம். என் மகள் சாவியைத் திருப்பத் திருப்ப, பம்பு ஓடும் இரண்டிரண்டு விநாடிகளில், இணைப்பைக் கழற்றாமலே அதன் பின்புறமாக மீட்டரின் முனையை நுழைத்துப் பார்த்தோம். பம்பு ஓடும்போது பேட்டரியில் இருந்தது 12.4 வோல்ட்டு. பம்புக்குக் கிடைத்ததோ 9.1 தான். எஞ்சிய 3.3 எங்கே போயிற்று? பேட்டரியின் நேர்முனைக்கும் பம்பின் நேர்முனைக்கும் இடையே வைத்தோம், 0.3 காட்டிற்று. அந்தப் பக்கம் பெருங்குறை இல்லை. பியூசும் ரிலேயும் தப்பித்தன. பம்பின் எர்த்துக் கம்பிக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வைத்தோம், 3.0 காட்டிற்று. நல்ல எர்த்தில் அரை வோல்ட்டுகூட இழப்பு இருத்தலாகாது. திருட்டு நடந்த இடம் தெரிந்துவிட்டது.

கம்பியைத் தொடர்ந்து சென்றோம். அது டிக்கியின் ஓரத்தில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டின் தலையில் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. என் தாயாரின் மாவடு நீர்! பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுப் போல்ட்டைக் கழற்றினோம். உப்புத்தாள் கொண்டு வெள்ளித்தகடுபோலத் துலக்கி, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினோம். மீண்டும் அளந்தபோது எர்த்துப் பக்கத்து இழப்பு 0.1. பம்புக்கு முழுமையாக 12.0 வோல்ட்டுக் கிடைத்தது. அன்றுமுதல் வண்டி முதல் திருப்பிலேயே கிளம்புகிறது.

எல்லாக் குறிகளும் அப்போதுதான் பொருளுற்றன. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுத் தருவதால், இழப்புப் போகவும் பம்புக்குப் பத்துக்கு மேல் கிடைத்தது, வண்டி ஓடிற்று. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரியே பத்துக்கு இறங்கும். பம்புக்கு ஏழுதான் மிஞ்சும். பெட்ரோலுக்கு அழுத்தம் ஏறாது. அன்றிரவு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தமையால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. புதுப்பம்பு போட்டபின் பத்து நாள் ஓடியது எதனால்? கம்பிகளை இழுத்து அசைத்தபோது போல்ட்டின் உப்புச் சற்று உடைந்து வழிவிட்டிருக்கிறது. பம்பு குற்றமற்றது. அந்த இளைஞரும் வஞ்சகர் அல்லர். அவர் சோதனையில் பிழை செய்தார். நானோ அவருடைய நேர்மையில் பிழை கண்டேன். இரண்டில் எது பெரிய பிழை என்பதை நீங்களே சொல்லுங்கள்.

நான் மீண்டும் பட்டறைக்குச் சென்றேன். அன்று யார் முன்னிலையில் ஏசினேனோ அவர்களில் ஒருவராவது இருக்கவேண்டும் என்று காத்திருந்து சென்றேன். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதற் சொல், “பாவு, அம்மா எப்படி இருக்கிறார்கள்?” என்பதே. எனக்குப் பேச நா எழவில்லை. இரண்டாயிரம் ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, தவறு என்னுடையது என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அவர் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “எப்படி அளந்தீர்கள், காட்டுங்கள்” என்றார். பத்தாவது வரை படித்தவன் ஆசிரியனானது அன்று ஒருநாள்தான்.

அன்பர்களே, நான் கற்றவற்றுள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

வண்டி கிளம்பாவிடில், முதலில் ஆரவாரமற்ற இடத்தில் சாவியைத் திருப்பிக் காதால் கேளுங்கள். பின்புறம் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பம்புக்கு மின்சாரம் ஓரளவேனும் செல்கிறது. கேட்காவிடில் பியூசையும் ரிலேயையும் பாருங்கள். ரிலே டிக்கென்று ஒலிப்பதனால் மட்டும் அது நல்லது என்று கொள்ளாதீர்கள். உள்ளே முனைகள் கருகியிருக்கலாம். அதே வகை ரிலே வேறோர் இடத்தில் இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்ப்பது செலவில்லாச் சோதனை. எரிந்த பியூசுக்கு அதே ஆம்பியர் பியூசே போடுங்கள். கம்பியைச் சுற்றுவது தீயை அழைப்பதாகும். எலி கடித்த கம்பியையும் தேடுங்கள். நிறுத்தியே வைக்கும் வண்டியில் அது மிகுதி.

பெட்ரோல் குழாயை அவிழ்க்குமுன், பம்பின் ரிலேயை எடுத்துவிட்டு எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைத் தணியுங்கள். டாங்கைத் திறக்குமுன் பேட்டரி இணைப்பை நீக்குங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் ஒரு சிறு பொறியும் கூடாது. கணினிப் பெட்டியின் கம்பிகளில் பல்பு விளக்கு வைத்துச் சோதிக்காதீர்கள். அது இழுக்கும் மின்சாரத்தை அப்பெட்டி தாங்காது. டாங்கில் கால்பங்குக்குக் குறையாமல் பெட்ரோல் வைத்திருங்கள். பம்பைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோலே.

எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளை மாற்றுமுன் அளந்து பாருங்கள்; அதுவும் வேலை நடக்கும்போது அளந்து பாருங்கள். மனிதரைக் குறைகூறுமுன்னும் அப்படியே செய்யுங்கள்.

என் தாயார் இன்று இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். இவ்வாண்டும் மாவடு கொண்டுவந்தார்கள். இம்முறை ஜாடி, டிக்கியில் அன்று. என் மனைவியின் மடியில் வந்து சேர்ந்தது.