ஹௌரா பட்டறையில் நான்காம் அச்சு

கொல்கத்தாத் தமிழர் என்றவுடன் லேக் மார்க்கெட்டும் அங்கே கிடைக்கும் காப்பிப் பொடியுமே பலருக்கு நினைவுக்கு வரும். ஆற்றுக்கு அக்கரையில், ஹௌராவின் பெலிலியஸ் சாலைப் பக்கத்துப் பட்டறைகளில், எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன் உழைக்கும் தமிழரும் உளர். அவர்களுள் ஒருவனாகவே இன்று பேச விழைகின்றேன்.

கீழ்த்திசையின் ஷெஃபீல்டு என ஒரு காலத்தில் புகழப்பெற்றது ஹௌரா. பழைய கடைசல் இயந்திரமும், கணிப்பொறியால் இயங்கும் சி.என்.சி. மில்லிங் இயந்திரமும் அங்கே ஒரே கூரையின் கீழ் ஓடுவதைக் காணலாம். மில்லிங் இயந்திரம் மூன்று திசைகளில் நகரும். இடம் வலமாக எக்ஸ், முன் பின்னாக ஒய், மேல் கீழாக இசட். 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களைக் கொண்டு இயக்கிக் காட்டப்பெற்ற மில்லிங் இயந்திரமும் இம்மூன்று அச்சுகளையே உடையது. மேசை மீது சுழலும் தலை ஒன்றைப் பொருத்தி, அதன் சக்கில் வேலைப்பொருளைப் பிடித்துத் திருப்பினால் அதுவே நான்காம் அச்சு. எக்ஸ் திசையை ஒட்டிச் சுழலுமாயின் அதற்கு ஏ அச்சு என்று பெயர்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பட்டறையில் நிகழ்ந்தது இது. நூறு மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரங்களில், ஒன்றுக்கு ஏழு பள்ளங்கள் வெட்டும் வேலை வந்தது. சக்கரத்தின் நடுத்துளையில் முன்னமே கீவே எனும் காடி வெட்டியிருக்கும். அக்காடியை மாண்ட்ரலில் உள்ள சாவியில் செருகி, மரையை இறுக்கி வெட்ட வேண்டும். நிரல் எழுதியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதமே ஆன இளைஞர். காலையில் எடுத்த சக்கரங்கள் அளவுக்குச் சரியாக இருந்தன. மாலைச் சக்கரங்களிலோ பள்ளங்கள் காடியை விட்டு விலகியிருந்தன. மறுநாளும் அவ்வாறே. சித்திரை வெயிலில் இரும்பு விரிகிறது என்றார் ஒருவர். இளைஞரின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டும் என்றார் முதலாளி.

நாங்கள் சுழல்தலையைப் பொருத்திய முறையை அடியிலிருந்து சோதித்தோம். மேசையின் காடியில் அதன் அடிச்சாவிகள் அமர்ந்திருந்தால் மட்டும் போதாது. ஸ்பிண்டிலில் டயல் கேஜைக் கட்டி, மாண்ட்ரலின் மேற்பக்கத்திலும் பக்கவாட்டிலும் எக்ஸ் திசையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால், பிழை மாண்ட்ரலுடையதா தலையுடையதா என்பது ஐயம். தலையை 180 பாகை திருப்பி மீண்டும் ஓட்டி, இரண்டின் சராசரியைக் கொண்டால் ஐயம் தீரும். எங்கள் தலை நேராகவே இருந்தது.

அடுத்தது மையம். புதியவர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். கோணத்தை நாம் சொன்னபடி இயந்திரம் திருப்பும். ஆனால் எந்தக் கோட்டைச் சுற்றித் திருப்புகிறது என்பதை நாமே அளந்து சொல்ல வேண்டும். மாண்ட்ரலின் இரு பக்கங்களையும் தொட்டுப் பாதி கண்டால் ஒய் மையம். மேற்புறத்தைத் தொட்டு ஆரத்தைக் கழித்தால் இசட் மையம். நிரலின் சுழியத்தை அக்கோட்டின் மேல் வைப்பதே நலம். ஒய் மையம் 0.05 மில்லிமீட்டர் பிசகினால், எதிரெதிரே வெட்டும் இரு பள்ளங்கள் ஒன்றுக்கொன்று 0.1 விலகும்; பொருளைத் திருப்பும்போது பிழையும் உடன் திரும்பி நின்று இரட்டிப்பாகிறது. எங்கள் மையமும் சரியே. வெட்டும்போது தலையை அசையாது பிடிக்கும் பிரேக்கும் குறையின்றி வேலை செய்தது.

இடையில் ஒரு செய்தி. எங்கள் வேலை, நிறுத்தி நிறுத்தி வெட்டுவது. சுழன்றுகொண்டே வெட்டும் வேலையாயின் வேகக் கணக்கு மாறும். ஏ அச்சு மட்டும் திரும்புகையில், நாம் தரும் வேக எண் நிமிடத்துக்கு இத்தனை பாகை என்றே பொதுவாகக் கொள்ளப்படும். நூறு மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு பாகை 0.87 மில்லிமீட்டர், இருபது மில்லிமீட்டர் விட்டத்தில் 0.17 தான். ஒரே எண் ஓரிடத்தில் கருவியை முறிக்கும். மற்றோரிடத்தில் ஊர்ந்து செல்லும்.

சோதனைகள் யாவும் முடிந்தும் குறை புலப்படவில்லை. மூலையில் பழைய டிவைடிங் ஹெட்டில் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்த முதிய வங்காள மிஸ்திரியை அப்போதுதான் அழைத்தோம். அவரை எல்லோரும் 'தாதா' என்போம். வங்காளத்தில் அது அண்ணன் என்று பொருள்படும், தமிழ்ப் படங்களில் வரும் பொருளை நேயர்கள் மறந்துவிடுக! அவர் திரையைப் பாராமல் ஒரு கேள்வி கேட்டார்: "ஏழாவது பள்ளத்துக்குப் பின் தொடங்கிய துளைக்கே திரும்பி வருகிறதா, தம்பி?"

அவருடைய கருவியில் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் பொருள் ஒரு சுற்று சுற்றும். ஏழு பிரிவுக்கு நாற்பதை ஏழால் வகுக்க வேண்டும். ஐந்து முழுச் சுற்று, பின் இருபத்தொரு துளைத் தட்டில் பதினைந்து துளை. ஏழு முறை செய்தால் மயிரிழையும் பிசகாமல் அதே துளையில் ஊசி விழும். கணிப்பொறிக்கு அத்தட்டு இல்லை. 360-ஐ ஏழால் வகுத்தால் முடிவில்லாப் பின்னம்; இயந்திரமோ ஆயிரத்தில் ஒரு பாகைக்கு மேல் நுணுக்கம் அறியாது. இளைஞர் 51.429 என்று எழுதி, இருந்த இடத்திலிருந்து ஏழு முறை திருப்பச் சொல்லியிருந்தார். கூட்டினால் 360.003.

அந்த 0.003 பாகை எவர் கண்ணிலும் படாது. ஆனால் அடுத்த சக்கரம் அங்கிருந்தே தொடங்கிற்று. நூறாவது சக்கரத்தில் அது 0.3 பாகை, விளிம்பில் ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். காலையில் இயந்திரத்தை இயக்கும்போது அதனைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது வழக்கமாதலால், நாள்தோறும் பிழை புதிதாகப் பிறந்து மாலைக்குள் வளர்ந்தது. பாவம், வெயிலைப் பழித்தோம்! திரையின் ஏ வரிசையில் அந்த எண் வெளிப்படையாகவே நின்றது. ஒய்யையும் இசட்டையும் பார்த்த நாங்கள் அதனைப் பார்க்கவில்லை.

நிரலைத் திருத்தினோம். ஒவ்வொரு கோணத்தையும் சுழியத்திலிருந்தே கணக்கிட்டு, 51.429, 102.857, 154.286, 205.714, 257.143, 308.571 என எழுதி, இறுதியில் சுழியத்துக்கே திரும்பச் செய்தோம். இப்போது பின்னத்தின் பிழை ஒவ்வொரு பள்ளத்தோடும் நின்றுவிடும். ஒன்று மற்றொன்றின் மேல் ஏறாது. அன்று மாலை எடுத்த கடைசிச் சக்கரம் காலையில் எடுத்ததை ஒத்திருந்தது. பிடித்தம் பற்றிய பேச்சை முதலாளி மீண்டும் எடுக்கவில்லை.

மிஸ்திரி தம் பழைய குறிப்பேட்டை நீட்டி, துளைக் கணக்குக்கு அருகில் அந்த ஆறு கோணங்களையும் எழுதித் தரச் சொன்னார். இளைஞர் எழுதினார். முதியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றின் கீழும் வங்காள எண்களில் மீண்டும் எழுதிக்கொண்டார்.