வெண்கொக்கு ஒன்றல்ல

(ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



பறவைகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். நாம் வெண்கொக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகளைக் கேட்டால், வெள்ளையாய் நிற்பதெல்லாம் கொக்கு என்பார்கள். நாமும் நெடுங்காலம் அவ்வாறே சொல்லி வந்தோம்.

தங்கவயலுக்குத் தண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரிக்கரையில் காலையில் நின்று பாருங்கள். மாட்டின் காலடியில் பூச்சி பிடிப்பது உண்ணிக்கொக்கு. குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு. கருத்த அலகும் கருங்காலும் மஞ்சள் விரல்களுமாகத் திரிவது சின்னக் கொக்கு. இவற்றில் சிக்கல் மிகுதியில்லை. தொல்லை தருவன பெரிய கொக்கும் நடுத்தரக் கொக்குமே. அலகின் நிறத்தை நம்பலாகாது. பெரிய கொக்கின் மஞ்சள் அலகு இனப்பெருக்கக் காலத்தில் கறுத்துவிடும். உருவ அளவோ, பக்கத்தில் மற்றொன்று நின்றாலன்றி விளங்காது. வாய்ப்பிளவே சாட்சி. நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணின் கீழே நின்றுவிடும். பெரிய கொக்குக்குக் கண்ணைக் கடந்து பின்னே செல்லும்.

இதனை அறியாமல் ஒரு பொங்கலன்று நாம் இழுக்குற்றோம். 2015ஆம் ஆண்டு முதல் தமிழன்பர்கள் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். அதற்காக ஏரிக்குச் சென்று, பதினேழு கொக்குகளையும் ‘பெரிய கொக்கு’ என்றே எழுதியனுப்பினோம். படம் கேட்டார்கள். இருந்தவை எல்லாம் பறந்தோடும் முதுகுகள்! ஒன்றில் மட்டும் முகம் தெரிந்தது. வாய்ப்பிளவு கண்ணோடு நின்றிருந்தது. பதினேழையும் அடித்துவிட்டு, ‘இனம் தெளியாத கொக்கு’ என்று திருத்தினோம். நாளை இவ்வேரியில் எந்தக் கொக்கு குறைந்தது என்று தேடுபவர் நம் கணக்கைத்தானே நம்புவார்?

படமெடுப்போர் கதிரவனை முதுகுப்புறம் வைத்துக் கரையில் அமர்க. தலையின் பக்கவாட்டுத் தோற்றம் முதலில், பின்னர்க் கால்கள், பின்னர் அண்டை நிற்கும் பறவையோடு சேர்த்து ஒன்று. வெண்சிறகு வெயிலில் வெளிறிப்போகும். ஆதலால் ஒளியைச் சற்றுக் குறைத்தெடுக்க வேண்டும். கூடுள்ள மரத்தருகே போகவே கூடாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையைக் கறுப்பு வெள்ளையிலேயே படமாக்கினார். வாய்ப்பிளவைக் காட்ட வண்ணமா வேண்டும்!

2001இல் சுரங்கம் மூடிய பின், நம் பிள்ளைகள் பலர் விடியுமுன் பெங்களூர் இரயிலைப் பிடிக்கின்றனர். அவர்களுக்கு எஞ்சியிருப்பது ஞாயிறு ஒன்றே. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சங்க வாயிலிலிருந்து ஏரிக்குப் புறப்படுகிறோம். தொலைநோக்கி ஒன்றுதான் உண்டு, முறைவைத்துப் பார்ப்போம். கட்டுச்சோற்றோடு வருக.