கோடு போட்டால் தெரியும்



அட்ஜெக்டிவ் என்றால் பெயரடை, அட்வெர்ப் என்றால் வினையடை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அதை மறுபடி சொல்ல நான் வரவில்லை. இந்த இரண்டையும் பிரித்தறிய இன்று ஊரெங்கும் ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுக்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். 'கடைசியில் லி வந்தால் அட்வெர்ப், வராவிட்டால் அட்ஜெக்டிவ்.' ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் இதுதான், கைப்பேசியில் ஓடும் காணொளியிலும் இதுதான். அரை நிமிடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. அந்த அவசரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஃப்ரெண்ட்லி, லோன்லி, லவ்லி, எல்டர்லி, காஸ்ட்லி. எல்லாம் லி என்றுதான் முடிகின்றன. எல்லாம் அட்ஜெக்டிவ். சூன், ஆஃபன், நெவர், வெரி. ஒன்றிலும் லி கிடையாது. எல்லாம் அட்வெர்ப். ஃபாஸ்ட் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'எ ஃபாஸ்ட் ட்ரெயின்' என்றால் அட்ஜெக்டிவ். 'த ட்ரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் அட்வெர்ப். எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. வேலை மாறிவிட்டது.

ஓர் இளைஞர் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். முந்தைய வேலையில் கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல நினைத்திருக்கிறார். ஹார்ட் என்பது அட்ஜெக்டிவ், லி சேர்த்தால் அட்வெர்ப் ஆகிவிடும் என்று நம்பி, 'ஐ ஹார்ட்லி வொர்க்ட்' என்று எழுதியிருந்தார். வேலை பார்த்தேன் என்றே சொல்ல முடியாது என்று அதற்குப் பொருள்! அந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை. சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்தார். 'வொர்க்ட் ஹார்ட்' என்று மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். 

ஆகவே சொல்கிறேன்: விகுதியைப் பார்க்காதீர்கள். அந்தச் சொல் எந்தச் சொல்லைத் தழுவி நிற்கிறது என்று பாருங்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 'ஓடிய' என்ற சொல் 'குதிரை' என்ற பெயரைக் கொண்டு முடிந்தால் பெயரெச்சம். 'ஓடி' என்ற சொல் 'வந்தான்' என்ற வினையைக் கொண்டு முடிந்தால் வினையெச்சம். முடிக்கும் சொல்லைப் பார்த்துத்தான் நம் இலக்கணம் பெயரே வைத்தது. ஆங்கிலத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள். பெயரைத் தழுவினால் அட்ஜெக்டிவ். வினையையோ, அட்ஜெக்டிவையோ, இன்னொரு அட்வெர்பையோ தழுவினால் அட்வெர்ப்.

இந்தத் தழுவலைக் கண்ணுக்குத் தெரியும்படி வரைந்து காட்டுகிற ஒரு முறை இருக்கிறது. வாக்கியத்தைப் படமாக வரைவது. இலக்கணம் கற்பிக்க மனிதர் கண்டுபிடித்தவற்றுள் இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. அமெரிக்காவில் 1847-இல் ஸ்டீஃபன் கிளார்க் என்ற ஆசிரியர் சொற்களைக் குமிழ்களுக்குள் எழுதி ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினார். வாக்கியம் கொஞ்சம் நீண்டால் குமிழ்கள் பக்கத்தை அடைத்துக்கொள்ளும். பிறகு ப்ரூக்ளினில் ஆசிரியர்களாக இருந்த அலான்சோ ரீட், ப்ரெய்னெர்ட் கெல்லாக் என்ற இருவர், 1877-இல் வெளியிட்ட 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' புத்தகத்தில், குமிழ்களை விட்டுவிட்டு வெறும் கோடுகளால் அதே காரியத்தைச் செய்தார்கள். பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் அந்தக் கோடுகளைப் போட்டுத்தான் இலக்கணம் கற்றார்கள்.

கையருகே காகிதம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். நடுவில் அதை வெட்டிக்கொண்டு ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. வாக்கியம் இது: 'த வெரி ஓல்ட் மேன் வாக்ட் ஸ்லோலி.' கோட்டின்மேல் இரண்டே சொற்கள்தான் வரும்: மேன், வாக்ட். ஓல்ட் எங்கே போகும்? மேன் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு சாய்கோடு போட்டு அதில் எழுதுங்கள். த என்பதற்கும் அதன் பக்கத்திலேயே ஒரு சாய்கோடு. ஸ்லோலி, வாக்ட் என்ற சொல்லுக்குக் கீழே தொங்கும். வெரி? அது மேனுக்குக் கீழே வராது. கிழவர் எப்படிப்பட்ட கிழவர், மிகவும் வயதானவர். ஆகவே ஓல்ட் என்ற சாய்கோட்டிலிருந்து ஒரு கிளைக்கோடு பிரிந்து அதில் வெரி உட்காரும்.

இப்போது படத்தைப் பாருங்கள். அட்ஜெக்டிவுக்கும் சாய்கோடு, அட்வெர்புக்கும் அதே சாய்கோடு. கோட்டில் வித்தியாசம் இல்லை. தொங்குகிற இடத்தில்தான் வித்தியாசம். இதற்காகத்தான் இந்த முறையை நான் இவ்வளவு கொண்டாடுகிறேன்.

நம் பிள்ளைகள் உண்மையில் இடறுகிற இடம் வேறு. 'ஆன வந்தால் அட்ஜெக்டிவ், ஆக வந்தால் அட்வெர்ப்' என்று தமிழை வைத்து இன்னொரு குறுக்குவழி சொல்கிறார்கள். அழகான பாட்டு, அழகாகப் பாடினாள் என்பது வரைக்கும் சரிதான். 'குழம்பு ருசியாக இருக்கிறது' என்ற இடத்தில் என்ன செய்வது? தமிழில் ஆக இருக்கிறது. ஆங்கிலத்தில் 'டேஸ்ட்டி' என்ற அட்ஜெக்டிவ்தான் வரும். 'கோபமாகத் தெரிந்தார்', 'கோபமாகப் பார்த்தார்' இரண்டுக்கும் நமக்குக் 'கோபமாக' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஹி லுக்ட் ஆங்ரி', இரண்டாவது 'ஹி லுக்ட் அட் மீ ஆங்ரிலி'.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் கரும்பலகைக்கு அழைத்து, 'ஹி லுக்ட் ஆங்ரி' என்ற வாக்கியத்தை வரையச் சொன்னேன். ஆங்ரியை லுக்ட் என்ற சொல்லுக்குக் கீழே தொங்கவிட்டாள். "கோபம் யாருக்கும்மா? பார்வைக்கா, ஆளுக்கா?" என்று கேட்டேன். சாக்பீஸைப் பிடித்தபடி சற்று நேரம் நின்றாள். "ஆளுக்குத்தான் சார்" என்று அழித்தாள். இப்படி எழுவாயைச் சொல்லும் அட்ஜெக்டிவுக்கு ரீட்டும் கெல்லாகும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். அது கீழே தொங்காது. படுக்கைக் கோட்டின்மேலேயே, வினைக்கு அடுத்து, எழுவாயை நோக்கிப் பின்சாய்ந்த ஒரு சிறு கோட்டைத் தாண்டி உட்காரும். அங்கே ஆங்ரி என்று எழுதினாள். நான் சொல்லாமலேயே இரண்டாவது வாக்கியத்தையும் போட்டு, ஆங்ரிலியை லுக்ட் என்ற சொல்லுக்குக் கீழே தொங்கவிட்டாள். வகுப்புக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த முறை வழக்கொழிந்தது என்பார்கள். தனியாகச் செய்யும் இலக்கணப் பயிற்சி எழுத்துக்கு உதவாது என்று அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அவை 1985-இல் தீர்மானமே போட்டது. வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு எது பிழை என்று காதே சொல்லிவிடும். அங்கே அந்தத் தீர்மானம் பொருந்தலாம். நம் பிள்ளை ஆங்கிலத்தைப் பெரும்பாலும் புத்தகத்தில்தான் சந்திக்கிறது. அதற்குக் காது துணைக்கு வராது. கண்தான் வர வேண்டும். கண்ணுக்குக் கோடு வேண்டும்.

சாலையில் 'கோ ஸ்லோ' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, 'ஸ்லோலி என்றல்லவா இருக்க வேண்டும்' என்று திருத்துகிறவர்கள் உண்டு. அட்ஜெக்டிவை அட்வெர்பாக வழங்குவதை 1762-இலேயே ராபர்ட் லோத் தம் இலக்கண நூலில் கண்டித்தார். ஆனாலும் ஸ்லோ என்பதை அட்வெர்பாகச் சொல்வது ஆங்கிலத்தில் பல நூற்றாண்டு வழக்கு. கோடு போட்டுப் பாருங்கள்: ஸ்லோ எங்கே தொங்குகிறது? கோ என்ற வினைக்குக் கீழே. லி இல்லாவிட்டாலும் அது அட்வெர்ப்தான்.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அட்வெர்பை அடிக்கோடிடுக' என்ற கேள்வியோடு, 'அது எந்தச் சொல்லைத் தழுவுகிறது?' என்று இன்னொரு வரி சேருங்கள். லி-யைத் தேடி ஊகித்து எழுதும் பிள்ளை யார், புரிந்து எழுதும் பிள்ளை யார் என்பது அந்த ஒரு வரியில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.