பாதிக்கப்பட்டவர் பக்கத்திலும் ஒரு சட்டத்தரணி

(நல்லூர்த் திருவிழாவுக்கு யாத்திரை வந்த தோட்டக் குடும்பங்கள் இணுவிலில் தங்கியிருந்த மாலை, தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் ஆற்றிய உரை.)



நமக்குத் தங்க இடமும் சாப்பாடும் தந்த இணுவில் மக்களுக்கு முதலில் நன்றி. தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் தந்த ஊர் இது. இங்கே கோயிலைப் பற்றியும் மேளத்தைப் பற்றியும் பேசலாம். ஆனால் காலையில் நம்ம பஸ் செம்மணியைத் தாண்டும்போது பின்சீட்டுப் பிள்ளைகள் “இங்க என்ன நடந்தது?” என்று கேட்டார்கள். பெரியவங்க யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேணும்.

1996 செப்டம்பர் 7ஆம் திகதி, கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பினாள். செம்மணி இராணுவச் சோதனைச் சாவடியில் அவளை மறித்தார்கள். தேடிப்போன தாய், தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேரும் திரும்பவில்லை. நாலு பேருடைய உடலும் பல நாள் கழித்துத் தோண்டி எடுக்கப்பட்டது. கொழும்பில் மூன்று நீதிபதிகள் விசாரித்து, 1998 ஜூலை 3ஆம் திகதி படையினருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை பெற்ற ஒருவர்தான் செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைந்திருப்பதாகச் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேருடைய எச்சங்கள் கிடைத்தன. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டியபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அதில் சின்னப் பிள்ளைகளுடையதும் உண்டு.

இப்போ ஒரு கேள்வி. ஒரு குற்ற வழக்கில் கோர்ட்டில் யார் யார் நிற்கிறார்கள்? குற்றம் சாட்டுகிற அரசாங்கம் ஒரு பக்கம். குற்றம் சாட்டப்பட்டவர் மறுபக்கம். இரண்டு பக்கத்துக்கும் சட்டத்தரணி உண்டு. அப்போ பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எங்கே நிற்கிறாள்? சாட்சிக் கூண்டில் அரை மணி நேரம் நிற்பாள். பிறகு வெளியே வாங்கில் இருப்பாள். வழக்கு தள்ளிப்போனதைக்கூட அவளுக்கு யாரும் சொல்லுவதில்லை.

இதை மாற்றத்தான் உலகத்தில் ஒரு புதுத் தொழில் வந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்காக மட்டும் நிற்கிற சட்டத்தரணியின் தொழில் அது. இந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ள, நம்மைப் போலவே கூலி வம்சத்தில் பிறந்த ஒரு அம்மாவின் கதையைக் கேளுங்க.

நவநீதம் பிள்ளை 1941இல் தென்னாபிரிக்காவின் டேர்பனில் பிறந்தார். தேயிலைக்கு நம்ம முன்னோரைக் கப்பலேற்றின மாதிரி, கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழரின் வழி வந்தவர். தகப்பன் பஸ் சாரதி. நவநீதத்துக்கு ஆறு வயதாக இருக்கும்போது தகப்பனுடைய சம்பளப் பணம் களவு போனது. அந்தச் சிறுமி கோர்ட்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். களவெடுத்தவனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் பணம் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. தண்டனை கொடுத்தால் மட்டும் நீதி முழுசாகிவிடுமா என்று அந்த வயதிலேயே யோசித்தவர் அவர்.

ஊர்ச் சனங்கள் காசு சேர்த்து அவரைப் படிக்க வைத்தார்கள். 1967இல் நட்டால் மாகாணத்தில் சொந்தமாகச் சட்ட அலுவலகம் திறந்தார். வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அங்கே அப்படித் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு ருவாண்டா நாட்டு இன அழிப்பை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியானார். அங்கே அகாயேசு என்ற நகரத் தலைவருடைய வழக்கு தொடங்கியபோது, பெண்களுக்கு நடந்த பாலியல் கொடுமை குற்றப்பத்திரத்தில் இல்லை. சாட்சிக்கு வந்த பெண்கள் வாய் திறந்து சொன்ன பிறகுதான், 1997இல் அதைச் சேர்த்தார்கள். 1998 செப்டம்பர் 2ஆம் திகதித் தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இன அழிப்பின் ஒரு வழிதான் என்று சொன்னது. சர்வதேச நீதிமன்றம் ஒன்று அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் அம்மாதான்.

ஆனால் அந்த நீதிமன்றத்திலும் அந்தப் பெண்கள் வெறும் சாட்சிகளே. தங்களுக்கென்று சட்டத்தரணி வைத்து வழக்கில் பங்கெடுக்க அங்கே வழி இல்லை.

அந்த வழியை 1998 ஜூலையில் ரோம் நகரில் செய்த ஒப்பந்தம் திறந்துவிட்டது. அதன்படி நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் அமைந்து, 2002இல் அதிகாரம் பெற்றது. நவநீதம் அம்மா 2003 முதல் 2008 வரை அங்கேயும் நீதிபதி. அங்கே பாதிக்கப்பட்டவர் தன் சட்டத்தரணி மூலம் பேசலாம், நட்டஈடும் கேட்கலாம். 2012 மார்ச் 14ஆம் திகதி, கொங்கோவில் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் படையில் சேர்த்ததற்காக லுபாங்கா என்பவரைக் குற்றவாளி என்று தீர்த்தார்கள். அந்த வழக்கில் 129 பேர் பாதிக்கப்பட்டவர்களாகப் பங்கெடுத்தார்கள்.

அந்தச் சட்டத்தரணி என்ன செய்கிறார்? முதலில் ஊருக்கே போய், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்கிறார். சொன்ன கதையையே பத்துப் பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி நோக வைக்காமல், ஒழுங்காக எழுதிக்கொள்கிறார். பயப்படுகிறவருடைய பேரை வெளியே தெரியாமல் மறைக்கும்படி கேட்கிறார். நீதிபதிகள் அனுமதித்தால் சாட்சிகளிடம் கேள்வி கேட்கிறார். தீர்ப்பு வந்த பிறகு, வைத்தியம், படிப்பு, பிழைப்பு என்று என்ன பரிகாரம் வேணும் என்பதைச் சனங்களிடமே கேட்டு முன்வைக்கிறார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஊருக்கு வந்து சொல்லுவதும் அவர் வேலைதான்.

இலங்கை அந்த ரோம் ஒப்பந்தத்தில் சேரவில்லை. அதனால் நம்ம நாட்டு வழக்கு நேராக அங்கே போகாது. ஆனால் 2021இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை எடுத்த தீர்மானத்தின்படி, இங்கே நடந்தவற்றின் சாட்சியங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். உள்ளூரிலும் ஆட்கள் இருக்கிறார்கள். சட்டத்தரணி ரணிதா ஞானராஜா, காணாமல் ஆக்கப்பட்டோர் குடும்பங்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடி வந்தவர். 2021இல் அமெரிக்க அரசு அவருக்குத் துணிச்சல்மிக்க சர்வதேசப் பெண்கள் விருது கொடுத்தது.

“இது யாழ்ப்பாணத்தார் பிரச்சினை, நமக்கென்ன?” என்று நினைக்காதீங்க. 1977இலும் 1983இலும் கலவரத்துக்குப் பயந்து எத்தனை தோட்டக் குடும்பங்கள் வன்னிக்குப் போய்க் குடியேறினார்கள். 2009இல் யுத்தத்துக்குள் அகப்பட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். நம்ம லயங்களிலும் தகவல் தெரியாத அண்ணனுக்கும் அக்காவுக்கும் காத்திருக்கிறவர்கள் உண்டு.

அதோடு, இந்த உரிமை பெரிய யுத்தக் குற்றத்துக்கு மட்டும் உரியதல்ல. பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் பாதுகாக்கிற சட்டம் இலங்கையில் 2015இல் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்தது. வீட்டில் அடிபட்ட மனைவிக்கும், மலையில் மானபங்கப்பட்ட பிள்ளைக்கும் அது பொருந்தும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

ஆனால் எவ்வளவு கெட்டிக்காரச் சட்டத்தரணி வந்தாலும், கையில் கடதாசி இல்லாவிட்டால் அவர் என்ன செய்வார்? நம்ம சனங்களுக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர். ஆளை நிரூபிக்கவே வருஷம் போகும். அதனால் பேரை இப்போதே ஒழுங்கு பண்ணுங்க. பொலிசில் முறைப்பாடு கொடுத்தால் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்க. கொடுக்கிற ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிரதி வைத்திருங்க. என்ன நடந்தது, யார் பார்த்தது, எத்தனை மணி என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்க. எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எழுதிக் கொடுக்க வேணும்.

தம்பி தங்கச்சிமாரே, பஸ் சாரதியின் மகளை ஊர்ச் சனம் படிக்க வைத்தது. கொழுந்து பறிக்கிறவர் பிள்ளையை நாம படிக்க வைக்க முடியாதா? நம்ம தோட்டங்களில் இருந்தும் இப்படி நாலு சட்டத்தரணிகள் வர வேணும். நம்ம பாஷையிலேயே கேட்டு, நம்ம பக்கத்தில் நின்று பேச வேணும். அதற்குப் பெரியவங்க எல்லாரும் துணை நிற்பீங்க என்று நம்பி விடைபெறுகிறேன்.