அண்ணத்தில் ஒரு காயம்



இன்று உளவியலில் பட்டம் பெறும் பிள்ளைகளே, தேர்வெல்லாம் முடிந்து சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே துணிந்து தேர்வைப் பற்றியே பேசுகிறேன்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரும், நோயெதிர்ப்பு ஆற்றலை ஆராய்ந்த அவர் கணவர் ரொனால்ட் கிளேசரும் 1980-களில் ஒரு வேலையில் இறங்கினார்கள். மருத்துவ மாணவர்களிடம் தேர்வுக்குச் சில வாரம் முன்பு ஒருமுறை, தேர்வு நடக்கும்போது ஒருமுறை ரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். தேர்வு நாட்களில் நோயெதிர்ப்பு அணுக்கள் சோம்பிப் போயிருந்தன. சரி, ரத்தத்தில் ஓர் எண் இறங்கியது. அதனால் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவர்கள் குழுவிலிருந்து 1998-இல் வெளியான ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர். கோடை விடுமுறையில் அவர்களுடைய மேலண்ணத்தில் ஒரு பக்கம் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் செய்தார்கள். பருவத்தின் முதல் பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு மறுபக்கம் அதே அளவில் இன்னொன்று. நாள்தோறும் படம் எடுத்தார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் நுரைக்கிறதா என்று பார்த்தார்கள். நுரை நின்றால் காயம் மூடிவிட்டது என்று கணக்கு. தேர்வுக் காலத்துக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாயிற்று, அதாவது 40 சதவீதம் அதிகம். விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வின்போது ஒருவருக்குக்கூட ஆறவில்லை. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இங்கே ஒவ்வொருவரும் தம்மோடு தாமே ஒப்பிடப்பட்டார்கள். ஆள் அதே ஆள், குணமும் அதே குணம், மாறியது காலம் மட்டும்.

இதற்கு மூன்றாண்டு முன்பே, மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண்கள் 13 பேரை இதே குழு ஆராய்ந்திருந்தது. அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத பெண்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. ஒரு மனிதர் தலையில் ஏறிய சுமை தோலில் நாட்கணக்காகத் தெரிந்தது. என் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகள் இவை.

பிடிக்காத பக்கமும் உண்டு. சுமையை விட்டுவிட்டுச் சுபாவத்தைப் பிடித்துக்கொண்டவர்களின் கதை அது. அவசரக்காரர்களுக்கு மாரடைப்பு வரும் என்ற 'டைப் ஏ' பாடத்தை நானும் பல ஆண்டு வகுப்பில் உற்சாகமாக நடத்தியிருக்கிறேன். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது நிலைக்கவில்லை. அதைவிட மோசமானது ஹான்ஸ் ஐசெங்க் விவகாரம். லண்டனில் பணியாற்றிய அவர், ஆளுமை ஆய்வில் உலகப் புகழ் பெற்றவர். உங்கள் பாடநூலிலும் அவர் பெயர் இருக்கிறது. ரொனால்ட் கிரோசார்ட்-மாட்டிசெக் என்பவரோடு சேர்ந்து, புற்றுநோய்க்கென்றே ஒரு சுபாவம் உண்டு, அதை மாற்றினால் சாவு பெருமளவு குறையும் என்று எழுதினார். புகையிலை நிறுவனங்கள் அவருக்குப் பணம் கொடுத்தன. கொடுக்காமல் இருப்பார்களா? நோய்க்குக் காரணம் சிகரெட் இல்லை, குடிப்பவரின் குணம் என்றால் அவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்!

அவர்கள் காட்டிய எண்கள் நம்பும்படி இல்லை என்று 1992-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இருவர் எழுதினார்கள். ஐசெங்க் 1997-இல் காலமானார். அவரும் கிரோசார்ட்-மாட்டிசெக்கும் சேர்ந்து எழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தகாதவை என்று லண்டன் கிங்ஸ் கல்லூரி அறிவித்தது 2019-இல். இடையில் 27 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்தக் கட்டுரைகள் நூலகங்களில் மரியாதையோடு இருந்தன.

நோய்க்கு ஒருவர் குணத்தைக் குற்றம் சொல்ல நம் ஊரில் ஆய்வுக் கட்டுரைகூடத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆர்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர், "எல்லாத்தையும் மனசுலயே போட்டுக் குமைஞ்சே, அதான் இப்படி வந்து படுத்துட்டே" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவார். படுத்திருப்பவர் அன்றிரவு முழுவதும் தன் குணத்தை நொந்துகொண்டு விழித்திருப்பார். அந்த வரியைச் சொன்னவருக்குப் பட்டம் இல்லை. நாளை உங்கள் வாயிலிருந்து அதே வரி வந்தால், அது அறிவியல் என்று ஆகிவிடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். வார்டில் நோயாளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். கடைசியாக எப்போது தூங்கினீர்கள் என்று அவரிடம் கேளுங்கள். இன்றிரவு அவருக்குப் பதிலாக யார் வந்து உட்கார முடியும் என்று விசாரித்து, கேஸ் ஷீட்டில் அதையும் எழுதுங்கள்.