கல்லும் சொல்லும்



திருக்கோயில்களில் நாம் வழிபடும் திருமேனிகளின் பெருமையை நாற்பது ஆண்டுகளாக மேடைதோறும் எடுத்துரைத்து வருகின்றேன். ஆயினும் உளியைக் கையால் தொட்டது என் அறுபத்திரண்டாம் வயதிலேதான். மாமல்லபுரத்தில் சிற்பப் பணி புரியும் இளைஞர் ஒருவரிடம், ஓய்வுக்காலப் பொழுதுபோக்காகக் கல் செதுக்கப் பயிலத் தொடங்கினேன்.

அவர் முதல் நாளில் உளியைக் கொடுத்தாரில்லை. கற்களைத் தட்டி ஓசையைக் கேட்கச் செய்தார். மணிபோல் கணீரென நீண்டு ஒலிப்பது ஆண் கல், மென்மையாய் ஒலிப்பது பெண் கல், ஒலியற்றது அலிக்கல். இறைவன் திருவுருவுக்கு முதலாவது, அம்பிகைக்கு இரண்டாவது, தளம் முதலியவற்றுக்கு மூன்றாவது என்பது சிற்ப மரபு. உள்ளே விரிசல் இருப்பின் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். மனிதரையும் அப்படித்தானே அவர்தம் சொல் காட்டிக்கொடுக்கிறது!

பின்னர், பழகுவோர் கைக்கு இணங்கும் மாக்கல் ஒன்றைத் தந்தார். காவியால் கோடிட்டு, வேண்டாத பகுதிகளைச் சிறுகச் சிறுக நீக்கி, பிள்ளையார் திருமுகம் தோன்றும் நிலைக்கு வந்தேன். அன்று சற்றே அவசரம். உளி சாய்ந்தது, துதிக்கையின் நுனி தெறித்து விழுந்தது.

"ஒட்ட வழியுண்டா?" என்று கேட்டேன்.

"மண்ணானால் அப்பலாம், மெழுகானால் உருக்கலாம். கல்லில் எடுத்தது எடுத்ததுதான், ஐயா. முகம் முழுவதையும் இன்னும் உள்ளே கொண்டு போங்கள். பிள்ளையார் கொஞ்சம் சிறியவராவார், மூளியாக மாட்டார்" என்றார் அவர்.

அன்பர்களே, அன்றிரவு நான் உறங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழா மேடையில், பண் பிறழப் பாடிய இளம் ஓதுவார் ஒருவரைச் சபை நடுவே கடிந்துரைத்தேன். சபை சிரித்தது. அதன்பின் அவர் மேடையேறவே இல்லை. 'நான் சுட்டியது உண்மைப் பிழைதானே' என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். தெறித்த அந்தச் சொல்லை ஒட்ட வழியில்லை. நான்தான் சிறியவனாக வேண்டியிருந்தது.

காஞ்சியில் காடவர்கோன் கற்றளி எடுத்தான். திருநின்றவூர்ப் பூசலார் மனத்திலே கோயில் எடுத்தார். இறைவன் முதலில் எழுந்தருளியது பூசலார் கோயிலுக்கன்றோ? என் நெஞ்சக் கோயிலிலோ, ஆணவம் என்னும் பாறை வாயிலை அடைத்துக் கிடந்தது.

மறுநாளே அவர் இல்லம் சென்று, பொறுத்தருள வேண்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். இவ்வாண்டும் அவர் மேடைக்கு வரவில்லை. ஆனால் நேற்று அர்த்தசாமத்தில், தூண் மறைவில் நின்று ஒருவர் பதிகம் பாடக் கேட்டேன். அவர் குரல்தான்.

என் பிள்ளையார் இன்று ஒரு சாண் உயரத்துக்கும் குறைவு. நாள்தோறும் அவரைப் பார்த்துவிட்டே வாய் திறக்கிறேன்.

திருச்சிற்றம்பலம்.