அரன்ஹுவேஸ் தோட்டத்தில் ஒரு சுரம்

மேனாட்டு வாத்திய இசையைப் புதிதாகக் கேட்போர் பலர், அதன் உணர்ச்சியை ஓர் எளிய கணக்கினால் அறிந்துவிட முயல்வர். காலம் விரைந்தால் களிப்பு, தாழ்ந்தால் துயரம். மேஜர் சுருதியாயின் ஒளி. மைனர் சுருதியாயின் இருள். இக்கணக்கு முற்றிலும் பிழையன்று. ஆயினும், சிறந்ததோர் இசைப்படைப்பு இக்கணக்கினுள் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு ஸ்பானிய நாட்டு இசைத்தட்டொன்று தக்க சான்றாகும்.

அத்தட்டில் இடம்பெறுவது 'கொன்சியெர்த்தோ தே அரன்ஹுவேஸ்' என்னும் படைப்பு. தனிக் கிதாரும் வாத்தியக்குழுவும் உரையாடுவதாக அமைந்த இதனை 1939 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரிலிருந்து இயற்றியவர் ஹொவாக்கின் ரொட்ரிகோ. 1901 இல் பிறந்த இவர், மூன்று வயதிலேயே தொண்டை அடைப்பான் நோயினாற் பார்வையை இழந்தவர். சுரங்களைப் பிரெயில் எழுத்திற் புள்ளிகளாகப் பதித்து, பின்னர் பிறரைக்கொண்டு படியெடுப்பித்தே தம் படைப்புக்களை உலகுக்கு அளித்தார். மாட்ரிட் நகருக்குத் தெற்கே, தாஹோ ஆற்றங்கரையில் உள்ள அரன்ஹுவேஸ் அரண்மனைத் தோட்டமே இப்படைப்புக்குப் பெயர் தந்தது. மலரின் மணமும் பறவையின் குரலும் நீரூற்றின் ஒலியும் கண்ணில்லாதவருக்கும் உரியன அல்லவா?

1940 நவம்பரில் பார்சலோனா நகரில் இது முதன்முதல் அரங்கேறியது. 1950களில் நார்சிசோ யேப்பெஸ் கிதார் வாசிக்க, அத்தௌல்போ அர்ஹெந்தா ஸ்பானியத் தேசிய வாத்தியக்குழுவை நடத்த, இசைத்தட்டாகப் பதிவாகிப் பல நாடுகளிற் பரவியது. கிதாரின் குரல் மெல்லியது. வயலின்களும் எக்காளங்களும் ஒருங்கே எழுந்தால் அது மூழ்கிவிடும். இதனை அறிந்த ரொட்ரிகோ, கிதார் பேசும்போது குழுவை அடக்கியும், அது ஓய்ந்தபோது குழுவை எழுப்பியும் அமைத்தார். ஒலிவாங்கியின் துணையும் சேர்தலால், மண்டபத்தின் பின்வரிசையிற் கேளாத நுட்பங்கள் இசைத்தட்டிற் கேட்கின்றன.

படைப்பு மூன்று பகுதிகளை உடையது. முதற்பகுதி டி மேஜர் சுருதியில், விரைந்த காலத்தில், துள்ளும் தாளத்தோடு செல்கிறது. தாழ்ந்த தந்திகள் டி சுரத்தை மெல்லப் பிடித்து நிற்க, அதன்மேற் கிதார் தனித்துத் தொடங்குகிறது. கருநாடக இசை பயின்றோர் மேஜர் சுரவரிசையைச் சங்கராபரணத்தின் வரிசையாக உணர்வர்.

இரண்டாம் பகுதி பி மைனர் சுருதியில், மிக விளம்பமான காலத்தில் அமைந்தது. சுருதி மாறினும் சுரங்கள் முற்றிலும் புதியன அல்ல. சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் நடபைரவி பிறப்பதுபோல, டி மேஜரின் தைவதமாகிய பி ஆதாரமாகும்போது அச்சுரங்களே பி மைனராகின்றன. களிப்புக்குப் பயன்பட்ட அதே சுரங்கள், நிற்கும் நிலை மாறியதனாற் புலம்பலாகிவிடுகின்றன.

இப்பகுதியிற் கிதார் மெல்லிய சுரக்கூட்டுக்களை மீட்ட, 'கோர் ஆங்லே' என்னும் ஊதுகருவி இராகத்தைத் தொடங்குகிறது. நாகசுரத்தைப் போன்று இரட்டை நாணற் சீவாளி உடைய இக்கருவி, நீண்ட மூச்சிற் சுரத்தைப் பிடித்து நிற்க வல்லது. கிதாருக்கோ அவ்வாற்றல் இல்லை. மீட்டிய கணமே அதன் நாதம் தேயத் தொடங்கும். எனவே ஊதுகருவி நீட்டிப் பாடியதைக் கிதார் மறுமொழியாகச் சொல்லும்போது, சிறுசிறு அசைவுகளாலும் சுழற்சிகளாலும் அந்த இடைவெளியை நிரப்புகிறது. இவ்விடத்திற் காலத்தின் அருமை புலனாகும். காலத்தைச் சிறிது விரைவாக்கினால் அவ்வசைவுகள் வெறும் அலங்காரமாகிவிடும். மிகத் தாழ்த்தினால் நாதம் அறுந்து பாட்டுச் சிதறிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவிலேதான், தேய்ந்துபோகும் ஒலியை விடாது பற்றிக்கொள்ள முயலும் ஓர் உள்ளத்தின் குரல் கேட்கிறது.

அக்குரலுக்கு ஒரு காரணம் உண்டு. ரொட்ரிகோவும் அவர் மனைவி விக்தோரியா காமியும் 1933 இல் மணம் புரிந்தனர். மணமான புதிதில் அரன்ஹுவேஸ் தோட்டத்தில் உலாவிய இன்ப நாட்களும், தம் முதற் குழந்தையைப் பிறக்குமுன்னரே இழந்த துன்பமும் இப்பகுதியிற் கலந்துள்ளன என்பதை அவ்வம்மையார் பிற்காலத்தில் எழுதிய நினைவுநூல் தெரிவிக்கிறது. அதுவரை, உள்நாட்டுப் போரின் அழிவை எண்ணிப் பாடியதென்றே பலர் கருதியிருந்தனர்.

கிதார் தனித்து நெடிது புலம்பி, அதன் வேகம் உச்சத்தை எட்டியதும், அதுகாறும் அடங்கியிருந்த வாத்தியக்குழு முழுவதும் எழுந்து அந்த இராகத்தைப் பாடுகிறது. அப்போது கிதார் வாய்திறவாது நிற்கிறது. பின்னர் ஆரவாரம் ஓய, பகுதி அமைதியாக முடிகிறது. அம்முடிவிலே நேயர்கள் கூர்ந்து கேட்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பி மைனரில் அத்துணை நேரம் புலம்பிய இசை, இறுதியில் பி மேஜரில் வந்து தங்குகிறது. ஆதாரம் மாறவில்லை, காலமும் விரையவில்லை. சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து அமர்கிறது, அவ்வளவே. அரைச் சுரம் உயர்ந்த அந்த ஒரு காந்தாரம், இருண்ட அறையில் ஏற்றிய அகல்போல் நிற்கிறது.

மூன்றாம் பகுதி டி மேஜரில் உடனே தொடங்கிவிடவில்லை. துயரம் வந்து தங்கிய பி மேஜரிலேயே, இரண்டெண்ணிக்கையும் மூன்றெண்ணிக்கையும் மாறிவரும் நடன நடையில் அது தொடங்கி, அதன் பின்னரே பழைய சுருதியை அடைகிறது. துயரத்தைத் துரத்திவிட்டு மகிழ்ச்சி வரவில்லை. துயரம் விட்ட இடத்திலிருந்தே அது புறப்படுகிறது. 1941 இன் தொடக்கத்தில் அத்தம்பதியருக்கு ஒரு மகள் பிறந்தாள். ரொட்ரிகோ தொண்ணூற்றேழு வயதுவரை வாழ்ந்து 1999 இல் மறைந்தார்.

விளம்ப காலம் துயரத்துக்கு இடந்தருகிறது. மைனர் சுருதி அதற்கு நிறந்தருகிறது. ஆனால் அத்துயரத்தை எங்கே கொண்டுபோய் அமர்த்துவது என்பதைக் காலமும் சுருதியும் தாமாகத் தீர்மானிப்பதில்லை. அது இசையாளனின் உள்ளத்தைப் பொறுத்தது. இத்தட்டை மறுமுறை கேட்போர், இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில் அந்த ஒரு காந்தாரத்துக்குச் செவிகொடுத்துக் காத்திருப்பாராக.